சாரத்து ஓட்டை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது உச்சிப் பொழுதில் நடந்தது. என் சிநேகிதன் சின்னையனுடைய தாய்மாமன் ராமருக்கு.

அறுபத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். மணி பன்னிரண்டு. காவிரிப் பாலத்தில் ஈ, காக்கை இல்லை. கீழே ஆறு வெறும் மணல். ஸ்ரீரங்கத்திலிருந்து ராமர் தனியாக நடந்து வருகிறார்... கையில் பூச்சுக் கரண்டி. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

ஏன் ஆத்திரம் என்றால், கொஞ்ச நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் நல்லுசாமி முதலாளிக்கு நாலு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் அவர், மற்றதில் வாடகைக் குடித்தனங்கள். யாரையும் காலி செய்யாமலே வெளிச்சுவரைக் கொத்திப் புதுப் பூச்சுப் பூசும் வேலை. ராமர் கொத்தனார். அவர் தங்கை வள்ளிக்கண்ணு சித்தாள்.

"சாரக் கயிறு இத்துப்போச்சு முதலாளி, மாத்திக் குடுங்க" என்று ராமர் கேட்டார்.

"இந்த ஒரு சுவத்துக்குத் தாங்கும்டா."

தாங்குமாம்! ஏறப்போவது அவரா?

கூலியாள் கண் வீட்டுக்குள் படக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தச் சொல்லியிருந்தார். மூன்றாம் மாடியில் வள்ளிக்கண்ணு ஒருநாள் ஜன்னலைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். வசவுதான் கிடைத்தது. மறுநாள் அதே இடத்தில் கயிறு அறுந்தது. பலகை போயிற்று. சாரக் கம்பு செருகியிருந்த சுவர் ஓட்டையில் கால் விரலை நுழைத்து, ஒரு கையால் ஜன்னல் படியைப் பிடித்துத் தொங்கினாள். மறு கையால் தட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

கம்பியில்லாத ஜன்னல். உள்ளிருந்து ஒரு கை நீண்டிருந்தால் போதும். ராமர் கீழேயிருந்து அலறிக்கொண்டு படியேறினார்... பாதிப் படியில், அவள் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

போலீஸ் வந்தது. "யாரும் தட்டலை. சாராயம் குடிச்சுட்டு ஏறினா, விழுந்தா" என்றார் நல்லுசாமி. செத்த வாய் எதிர்த்துப் பேசாது என்கிற தைரியம்! அண்ணன்காரன் பேச்சை யார் கேட்டார்கள்? அவள் மகள் ராக்கம்மாளைக் குழாயடியில் 'குடிகாரி மகள்' என்றார்கள். அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் முடங்கிக்கொண்டது.

சாரம் பிரிக்கும்போது மேலிருந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இறங்குவது கொத்தனார் வழக்கம். வேறு ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அடைத்தார்கள். அந்த ஒன்று மட்டும் அடைபடவில்லை. சாயங்காலம் பூசினால், காலையில் கலவை உள்ளே அமுங்கிக் கிடக்கும்... அதில் ஐந்து கால் விரல் பதிந்திருக்கும்.

ஆட்கள் ஓடிவிட்டார்கள். அதனால்தான் நல்லுசாமி ராமருக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆத்திரத்தில்தான் அன்றைக்குப் பாலத்தில் அந்த நடை.

ராமர் ஏறினார். இப்போது புதுக் கயிறு! ஆள் செத்த பிறகு வந்த கயிறு. ஓட்டையருகே ஈரச் சுண்ணாம்பு வாசனை... அதோடு மரிக்கொழுந்து. வள்ளிக்கண்ணு தினமும் தலையில் வைப்பது. ராமருக்குக் கண் கலங்கியது.

"அவ தட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க முதலாளி. அடைச்சுட்டுப் போயிடறேன்" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்த நல்லுசாமியிடம் கேட்டார்.

"ஓட்டையை அடைக்கக் கூப்பிட்டா வாயைத் திறக்கறியா?" ஜன்னல் அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தெருவில் ஒரு சத்தமில்லை. ராமரின் ஒரு கை கரண்டியில், ஒரு கை சாரக் கம்பில்...

டொக்... டொக்... டொக்...

அவர் கண்முன்னால் ஜன்னல் கதவு அதிர்ந்தது. அங்கே யாரும் இல்லை.

உள்ளே நல்லுசாமி வீறிட்டார். "அன்னைக்கும் இப்படித்தான்டி தட்டினே! தண்ணிக்குத்தான்னு நெனச்சேன்... தண்ணிக்குத்தான்னு நெனச்சேன்டி!"

சாத்திய ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர் ஹபீபுல்லா பாய் தலையை நீட்டினார்.

"அடப்பாவி! அப்ப தட்டியிருக்கா! கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கான்!"

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. நல்லுசாமி எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல் படியிலிருந்து அறைக்குள் வெள்ளையாகக் கால் தடங்கள் போயின... திரும்பி வந்த தடம் இல்லை.

ராமர் ஓட்டையை அடைத்தார். கலவை அப்படியே நின்றது.

பாய் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் காதால் கேட்டதைச் சொன்னார். ராக்கம்மாள் மறுபடி குழாயடிக்குப் போனாள். முன்னால் நின்றவள் தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

நல்லுசாமி வீட்டில் மட்டும் ஒன்று... ராத்திரி குடம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுப்பார்கள். விடிந்தால் குடம் காலி. தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. குடத்தின் விளிம்பில் ஐந்து விரல், சுண்ணாம்பு இன்னும் காயாமல்.