சத்தம் போடாத கார்

திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த இருவரில் இளையவர் திடீரென்று சொன்னார்: "அந்தக் காரு எங்க நைனாவ சாவடிக்கப் பாத்துச்சு, மாமு."

"எது? நேத்து ஓட்டிப் பாக்க எடுத்துகினு வந்தியே, அந்த ஹைப்ரிடா?"

"அதான். மெதுவா போனா பேட்டரில ஓடுது, சத்தமே இல்ல. கண்ணு தெரியாத மனுசன், தெரு காலியா கீதுன்னு நேரா முன்னாடி எறங்கிட்டாரு."

"ஐயோ! ஒன்னும் ஆவலியே?"

"வேட்டில ஒரசிகினு நின்னுச்சு."

"நான்தான்டா மைலேஜ் அள்ளும், ஷேப்பு அம்சமா கீதுன்னு ஏத்திவுட்டேன்."

"மொதல்ல பாத்தோமே, அந்த பெட்ரோல் வண்டியே எடுக்குறேன் மாமு. மூஞ்சி சப்பையா இருந்தா இன்னா, மைலேஜ் கம்மியா இருந்தா இன்னா? தெருமொனைல திரும்பும்போதே நைனாவுக்குக் கேக்கணும்."