வண்டி தூங்குகிறது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். இருப்பதைச் சரிக்கட்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்தக் குறையும் வராது என்பது என் எண்ணம். டீசல் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் என்னுடையது. எங்கள் கட்சித் தலைவர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து டீசல் விலை ஏறிக்கொண்டே போனது உண்மைதான். மற்ற வேன்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். நான் ஏற்றவில்லை. அவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். நானே கட்டணத்தை ஏற்றினால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பேன்? என் மனைவியின் அண்ணன், எதிர்க்கட்சிக்காரர். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்.

"உங்க தலைவர் ஊரையே நடக்க வச்சுட்டாரே மாப்பிள்ளை. நீங்க எப்ப வேனைத் தள்ளப் போறீங்க?" என்பார், சாப்பிட உட்கார்ந்தாலும். என் மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்குப் போகிற வழியில் நீளமான சரிவு ஒன்று உண்டு. உச்சியில் என்ஜினை அணைத்துவிட்டால் வண்டி தானாகவே உருண்டு போகும். கீழே சமதரை வந்ததும் தானாகவே வேகம் குறையும். சொட்டு டீசல் செலவில்லை. என்ஜின் ஓடாதபோது பிரேக் இரண்டு மிதிக்கு மேல் கேட்காது, கல்லாக இறுகிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தவன் கையில்தானே வண்டி இருந்தது.

பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். நான் அதை விளையாட்டாக்கினேன். "வண்டி தூங்குது. சத்தம் போட்டா முழிச்சுக்கும்" என்றேன். அதிலிருந்து சரிவு வந்தாலே உதட்டில் விரலை வைத்துக்கொள்வார்கள். மச்சானின் மகளுக்கு எப்போதும் என் பக்கத்து இருக்கை. கீழே வந்ததும் "எழுப்பலாமா மாமா?" என்று கேட்பாள். அவள் கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவேன். நல்ல பிள்ளை.

அன்றைக்கு, மறுநாள் விலை ஏறப்போகிறது என்று ஊரே டீசலுக்கு அலைந்தது. பெட்ரோல் பங்கில் தொடங்கிய வரிசை சரிவின் அடிவரை நீண்டிருந்தது. கடைசியில் ஒரு லாரி. அதற்குப் பக்கத்தில், தன் கடை ஜெனரேட்டருக்காகக் கேனும் கையுமாக மச்சான். பாதிச் சரிவிலேயே பார்த்துவிட்டேன். சாவியைத் திருப்ப நேரம் தாராளமாக இருந்தது.

அவளும் பார்த்தாள். வழக்கத்துக்கு முன்னாலேயே "எழுப்பலாமா மாமா?" என்றாள், மெதுவாக.

"இரும்மா. அப்பா பாக்கட்டும்" என்றேன்.

என்ஜின் சத்தமே இல்லாமல் அவர் முன்னால் போய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. மேலே வளைவில் ஒரு மிதி செலவாகியிருந்தது; இன்னொன்று இருக்கிறதே என்று நினைத்தேன். அது பாதிதான் கேட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கையும் ஓடியது, காலும் ஓடியது. வண்டிதான் நிற்கவில்லை.

ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை, ஐயா. எல்லோரும் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள்.

என் பக்கம் தப்பியது. பக்கத்து இருக்கை லாரிக்கு அடியில் போய்விட்டது. கேனைப் போட்டுவிட்டு மச்சான்தான் முதலில் ஓடி வந்தார். அவரும் கதவை இழுத்தார், நானும் இழுத்தேன். திறக்கவில்லை.

டீசல் விலைதான் தன் மகளைக் கொன்றது என்று வெளியே எல்லோரிடமும் சொல்லி அழுகிறாராம். அப்படி எழுதிவிடாதீர்கள். தலைவர் மேல் பழி விழக் கூடாது. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள்; கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேனின் டேங்கைத் திறந்து மச்சானிடம் ஒருமுறை காட்டுங்கள். பாதிக்கு மேல் இருக்கும்.