தொபுக்கடீர் மாமா விழுந்த விதம்

எனக்குக் குழந்தைகளை அவ்வளவாகப் பிடிக்காது. பாதி வீடுகளில் என் புத்தகம் கிடப்பதால் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. மிட்டாய்க் கடைக்காரர் எல்லாரும் மிட்டாயா தின்கிறார்கள்? உங்கள் மகளுக்குத் 'தொபுக்கடீர் மாமா' கதைகள் என்றால் உயிர் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். இந்த வேலை முடிந்ததும் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மாமா வேறு யாருமில்லை, என் கணவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் மனிதர் நின்ற இடத்திலேயே விழுவார். வாசற்படி தடுக்கும். தன் செருப்பே தடுக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டு மீன்தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். நான் அதை எழுதினேன். படம் போடுகிறவர் மீசையில் ஒரு மீனைத் தொங்கவிட்டார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அடுத்தவர் விழுந்தால் சிரிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்குத்தான் பிஞ்சு மனசு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒரு கண் டாக்டர் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார். இவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார். அதோடு விழுவது நின்றுபோனது. மாடிப்படியில் கைப்பிடியைக்கூடத் தொடாமல் தடதடவென்று இறங்குகிறார். பதிப்பாளரோ போனில், "மேடம், மாமா மறுபடி எப்ப விழுவாரு? பசங்க நச்சரிக்கிறாங்க" என்கிறார். கற்பனை செய்து பார்த்தேன். வரவில்லை. எனக்குப் பார்த்ததை எழுதத்தான் வரும்.

அதனால் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். பெயின்ட் டப்பாவோடு விழுந்தார். அருமையான புத்தகம், பக்கமெல்லாம் நீலமும் மஞ்சளும். பிறகு படியில் சோப்புத் தண்ணீர். நாற்காலிக் காலில் கழற்றிவிட்ட ஒரு திருகாணி. சில நாள் கண்ணாடியையும் ஒளித்து வைத்தேன். கை முறிந்தபோது மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, "இதையும் எழுதிடுவியா?" என்று சிரித்தார்.

"அடுத்த புத்தகமே இதுதான்" என்றேன்.

முதல் பிரதியை அவரே வகுப்புக்கு எடுத்துப் போனார். பெருமை பிடிபடவில்லை.

நாத்தனாருக்குத்தான் மூக்கு வேர்த்தது. சமையலறையில் வந்து நின்றாள்.

"அண்ணி, எங்கண்ணன் ஸ்கூல்ல விழல. கடைத்தெருவுல விழல. எங்க வீட்டுக்கு வந்தா விழல. இங்க மட்டும் எப்படி விழறாரு?"

"இங்கதானே அவரு நிம்மதியா நடக்கறாரு" என்றேன்.

முறைத்துவிட்டு அவரிடம் போனாள். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். பக்கத்து அறையில் எனக்கு நன்றாகக் கேட்டது. "சும்மா இருடி. நான் இல்லாம அவ எதை எழுதுவா?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. களைப்பாக இருந்திருக்கும். ஆனால் பாருங்கள், எவ்வளவு ஒத்துழைப்பு.

இந்தத் தடவை பதிப்பாளர், "எப்பவும் தரையிலயே விழறாரே மேடம், கொஞ்சம் உயரத்துலேர்ந்து விழட்டுமே" என்றார். நியாயமான குறை. தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியில்லை என்று சொல்லி இவரை ஏணியில் ஏற்றினேன். கீழே புதர் அடர்த்தியாக இருந்தது. அதில் விழுந்து, தலையில் பூவோடு எழுந்து வருவார் என்பது என் கணக்கு. கணக்கில் கெட்டிக்காரர் அவர்தான், நானில்லை.

ஏணியை நான்தான் இழுத்தேன். காற்று தள்ளிவிட்டது என்று முதலில் சொன்னது பொய். புதருக்கு ஒரு முழம் தள்ளி சிமென்ட் தரையில் விழுந்தார். தொபுக்கடீர் என்றெல்லாம் கேட்கவில்லை. அது வேறு சத்தம். குழந்தைகள் புத்தகத்தில் போட முடியாது.

அவர் பயந்துகொண்டே செத்திருப்பார் என்று நாத்தனார் உங்களிடம் அழுதாளாம். அவளுக்கு என்ன தெரியும், அவள் அங்கே இல்லையே. விழும்போது மனிதர் என்னையேதான் பார்த்தார், நான் சிரிக்கிறேனா என்று. பாவம், ஏமாந்துபோகக் கூடாதே என்று சிரித்தேன்.