சமையக்கட்டு வரைக்கும் போற ரயில்

மாடல் ரயில் கண்காட்சிக்கு வர்றவங்க மொதல்ல என் இன்ஜினோட பெயின்ட்டப் பாராட்டுவாங்க. அப்புறம் குனிஞ்சு சக்கரத்தப் பாத்துட்டு, "அடியில இன்னா சேசிஸ் போட்டுக்கீற, எங்க புடிச்ச?"ன்னு கேப்பாங்க. நான் சிரிச்சுட்டு வுட்டுடுவேன். நீங்க ஒருத்தர்தான் டீ வாங்கிக் குடுத்துட்டு பதிலுக்கு ஒக்காந்துகினு கீறீங்க. சரி, சொல்றேன். மறைக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

நான் செங்கல்பட்டு. பேரு கலைவாணன். மறைமலைநகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி செக்கிங். ஒரு நூல் பிசகினாலும் தூக்கி ஓரமா வைக்கிற வேல. அந்தப் புத்தி வூட்டுக்கும் வந்துடுச்சு. லீவு நாள்ல சின்ன அளவுல ரயில் இன்ஜின் செய்வேன். எனக்கு ஆல்கோ டீசல்தான் உசுரு, நம்ம ரயில்வேல ஓடுன பழைய அமெரிக்க டிசைன் இன்ஜின். மேல்கூட்ட பிளாஸ்டிக் ஷீட்ல நானே வெட்டி ஒட்டி, பொன்மலை ரயில் ஷெட்டோட நீலம் அடிச்சு முடிச்சிட்டேன். அதுல எவனும் குறை சொல்ல முடியாது. ஆனா சேசிஸ், அதாவது மோட்டாரு, பல்சக்கரம், சக்கரம் எல்லாம் சேர்ந்த அடிப்பாகம், அத வூட்ல செய்ய முடியாது. வேற வண்டிலருந்து கழட்டித்தான் போடணும். ஆல்கோவுக்கு அதுலயும் ஒரு வம்பு. முன்னால மூணு அச்சு, பின்னால மூணு அச்சு. அந்த மூணு சம தூரத்துல இருக்காது. ரெண்டு ஒட்டினாப்பல, ஒண்ணு தள்ளி. கடைல கிடைக்கிறதெல்லாம் சம தூரம். அதயே போடு, எவனுக்குத் தெரியப்போவுதுன்னு பசங்க சொல்வாங்க. எனக்குத் தெரியுமே.

தேடித் தேடி சலிச்சுப் போனப்போ எங்க வாட்ஸ்அப் குரூப்புல கோவளத்துப் பொண்ணு ஒண்ணு வீடியோ போட்டுச்சு. ஜெனிஃபர்னு பேரு. அப்பாவோட ரயில் நடுவுல நடுவுல நிக்குது, யாராவது சரி பண்ணித் தருவீங்களான்னு கேட்டுச்சு. வீடியோவ நிறுத்தி சக்கரத்தப் பாத்தேன். ரெண்டு ஒட்டினாப்பல, ஒண்ணு தள்ளி. அன்னிக்கே பைக்க எடுத்துகினு திருப்போரூர் வழியா கோவளம் போய்ட்டேன்.

அவங்க அப்பா மோசஸ், சரக்குக் கப்பல்ல சமையக்காரரா இருந்தவரு. அமெரிக்காவுல ஏதோ துறைமுகத்துல எறங்கினப்போ பொண்ணுக்குன்னு வாங்கியாந்த ரயிலு அது. இப்ப மனுஷனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் மொத்தமா போச்சு, பேச்சும் போச்சு. மிஞ்சினது இடது கை ஒண்ணுதான். அந்தப் பொண்ணு மொதல்ல ஒரு காலிங்பெல்ல கட்டில்ல கட்டிக் குடுத்துச்சாம். அவரு தூக்கிப் போட்டு ஒடச்சுட்டாரு. காலமெல்லாம் ஆபீசருங்க மணியடிச்சா ஓடுன ஆளு. பெத்த பொண்ண மணியடிச்சுக் கூப்புட அவருக்குக் கை வரல.

அதுக்கப்புறம்தான் ரயில எடுத்துச்சு. கட்டில் பக்கத்துலருந்து தண்டவாளம், செவுத்துல ஒரு ஓட்ட, கூடத்தத் தாண்டி நேரா சமையக்கட்டு. கைக்கு எட்ற மாதிரி ஒரு திருகு. அத அவரு திருப்பினா ரயிலு லைட்டப் போட்டுகினு சமையக்கட்டுல வந்து நிக்கும். யாராவது எழுந்து போவாங்க. மனசு நல்லாருந்தா வேகன்ல பிஸ்கட்டு ஒண்ணு வெச்சு அனுப்புவாராம். முக்கியமா அந்த ரயிலு சளிக்குத்தான். தொண்டைல சளி அடைச்சா அவரால எழுந்து ஒக்கார முடியாது. யாராவது தூக்கி ஒக்கார வெச்சு முதுகுல தட்டணும். பெரிய வேல இல்ல. ஆனா யாராவது வரணும்.

பல்சக்கரத்துல விரிசல். மாத்திக் குடுத்தேன். பெரியவருக்கு என்ன ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை போனா இடது கையால என் கையப் புடிச்சு வெச்சுக்குவாரு. அந்த வண்டிய வெலைக்குக் கேட்டுப் பாத்தேன். "அது அப்பாவோட வாய்ண்ணா, வாய யாராச்சும் விப்பாங்களா?"ன்னு ஜெனிஃபர் சிரிச்சுச்சு. புதுசா வேற வண்டி வாங்கிகினு போனேன். பெரியவரு ஓட்டிப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினாரு. கண்காட்சிக்கு ரெண்டே நாள் குடுங்கன்னும் கேட்டேன். அதுக்கும் முடியாதுன்னுடுச்சு. நான் இன்னா பண்றது சொல்லுங்க. கேக்க வேண்டிய விதத்துல எல்லாம் கேட்டாச்சு.

கண்காட்சி அன்னிக்கு சனிக்கிழமை, காலைலயே கோவளம் போனேன். சக்கரத்தத் தொடச்சுட்டுப் போறேன்னு சொன்னேன். ஜெனிஃபருக்கு மகாபலிபுரத்துல ஓட்டல் ரிசப்ஷன்ல வேல, கெளம்பிகினு இருந்துச்சு. வண்டிய ஒருவாட்டி ஓட்டிக் காட்டினேன். "தேங்க்ஸ்ணா, நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடுச்சு. வூட்லயே ஒரு வெறும் அடித்தட்டு செஞ்சு பையில வெச்சிருந்தேன். மோட்டாரு கெடையாது, சக்கரம் மட்டும். எடைக்கு ஈயம் கூட வெச்சிருந்தேன். அவங்க ரயிலோட மேல்கூட்ட கழட்டி அதுமேல மாட்டினேன், சேசிஸ பைல போட்டேன். அந்தப் புது வண்டிய தண்டவாளத்துல வுட்டுட்டு வந்திருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். நானும் யோசிச்சேன். கலர் வேற. ஜெனிஃபர் பாத்ததும் கண்டுபுடிச்சிடும்.

பெரியவரு எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தாரு. அவரு முதுகுக்குப் பின்னால நான் எதுவும் செய்யல. "நாளைக்குக் கொண்டாந்துடறேன் பெரியவரே"ன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அவரு திருகத் திருப்பினாரு. மறுபடியும் திருப்பினாரு. வண்டி நின்ன எடத்துலயே நின்னுது. கண்ணுலருந்து தண்ணி எறங்குச்சு. வயசானவங்களுக்கு அப்படி வர்றது சகஜம். கர்சீப்பால தொடச்சு வுட்டுட்டு வெளிய வந்தேன்.

சமையக்கட்டுல சரோஜாக்கா நெத்திலி ஆஞ்சுகினு இருந்துச்சு. பக்கத்து வூடு. வேலைக்குப் போற வூட்டுக் கொழந்தைங்களயும் வயசானவங்களயும் பாத்துக்கறதுதான் அதுக்குப் பொழப்பு. ரயிலு வந்தா உள்ள போவும். வரலன்னா அய்யா தூங்குறாருன்னு அர்த்தம். ஆம்பளைய அடிக்கடி எட்டிப் பாத்தா கூச்சப்படுவாருன்னு ஜெனிஃபர் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்துச்சு. "வண்டி நல்லா ஓடுதா தம்பி?"ன்னு கேட்டுச்சு. "சூப்பரா ஓடுதுக்கா"ன்னேன்.

கண்காட்சில அந்த சேசிஸ் மேல என் ஆல்கோ ஓடுனத நீங்களே பாத்திருப்பீங்க. கூட்டம் நகரல. ஒரு குலுக்கல் இல்ல, ஒரு சத்தம் இல்ல. அது ஓடிகினு இருந்தப்பவே கோவளத்துலருந்து போன் வந்துச்சு. கஞ்சி எடுத்துகினு உள்ள போன சரோஜாக்கா அலறி, தெருவே ஓடி வந்து கட்டில நகத்தி, டாக்டரும் வந்து பாத்துட்டுப் போய்ட்டாராம். சளி அடைச்சு மூச்சு நின்னுபோச்சுன்னாராம்.

நான் போனப்போ வண்டி கட்டிலுக்கு அடியில சாஞ்சு கெடந்துச்சு. அவ்வளோ கூட்டத்துல தண்டவாளத்தயும் மிதிச்சு வெச்சிருந்தாங்க. திருகு கடைசி வரைக்கும் திரும்பியிருந்துச்சு. அதுக்கு மேல திருப்ப அதுல எடம் இல்ல. யாரும் கவனிக்கல. நான் அத பழைய எடத்துக்குக் கொண்டாந்து வெச்சேன். மறுநாள் எல்லாரும் கல்லறைக்குப் போனப்போ வூட்டப் பாத்துக்கறேன்னு நின்னு, சேசிஸ திரும்ப மாட்டிட்டேன். நாளைக்குக் கொண்டாந்துடறேன்னு சொன்னேன், சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டேன். கண்காட்சியோட ரெண்டாம் நாள் எனக்கு அதோட போச்சு. அத யாரும் கேக்கல.

மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சதும் ஜெனிஃபர் என்கிட்ட வந்து, "அண்ணா, அன்னிக்கு ரயில் ரிப்பேரா இருந்துச்சான்னு பாத்து சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. தண்டவாளத்த சரி பண்ணி திருகத் திருப்பினேன். ரயிலு லைட்டப் போட்டுகினு ஓட்டைல பூந்து, கூடத்தத் தாண்டி சமையக்கட்டுல போய் நின்னுது. அங்க சரோஜாக்கா பாத்திரம் தேச்சுகினு இருந்துச்சு. எல்லாரும் சரோஜாக்காவப் பாத்தாங்க. ஜெனிஃபர், "நீங்க இனிமே வராதீங்கக்கா"ன்னு மட்டும் சொல்லுச்சு. நடுவுல பூந்து நான் இன்னா சொல்றது? அது அவங்க வூட்டு விஷயம்.

அன்னிக்கே அந்தப் பொண்ணு ரயிலத் துணில சுத்தி என் கையில குடுத்துச்சு. அப்பாவுக்கு உங்களதான் புடிக்கும், நீங்களே வெச்சுக்கோங்கண்ணான்னு அழுதுச்சு. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும். வாங்கிகினேன். இப்ப அடியில ஓடுறது அதுதான். கேட்டீங்கல்ல, அப்படித்தான் கெடச்சுது. செத்தது எதனாலன்னு கேட்டா, நான் எடுத்ததாலதான். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது? போன உசுரு வரப்போவுதா?

சரோஜாக்காகிட்ட அந்தத் தெருவுல இப்ப யாரும் கொழந்தைய வுடறது இல்ல. போன வாரம் அது ரெண்டு பஸ் மாறி செங்கல்பட்டுக்கு என் வூட்டுக்கே வந்துச்சு. தண்ணி குடுத்தேன், குடிக்கல.

"தம்பி, மெய்யாலுமே நான் கண்ணு மூடல. தண்டவாளத்தயேதான் பாத்துகினு இருந்தேன். ரயிலு வரல. உனக்கு இதெல்லாம் தெரியும். நீ சொன்னா நம்புறேன். அது வந்துச்சா வரலியா?"

"வண்டி மேல தப்பே இல்லக்கா. வந்துதான் இருக்கும். ஒரு நிமிஷம் அசந்திருப்பீங்க. மனுஷங்கதானே."

"அப்ப அய்யா கூப்பிட்டுக்கீறாரு. நான்தான் தூங்கிட்டேன் போலக்கீது"ன்னு எழுந்துச்சு. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன், பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னும் காட்டினேன்.

இப்பல்லாம் அது ரயிலு வரலன்னு யாருகிட்டயும் சண்ட போடறது இல்லியாம். எதிர்ல வர்றவங்கள நிறுத்தி, நான்தான் தூங்கிட்டேன், நான்தான் தூங்கிட்டேன்னு சொல்லிகினு கீதாம். பாவம், வந்துச்சா வரலியான்னு கெடந்து தவிச்ச பொம்பள. ஒரு முடிவு தெரிஞ்சா மனசு அடங்கிடும்ல. ஏதோ, என்னால ஆனது.