மலைக்குக் கெட்ட பேர் வரக்கூடாது

சுங்கை வே ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்தால் எல்லாரும் தூங்கப் போவார்கள், சார். நான் ஞாயிறு காலையில் மலை ஏறப் போவேன். காற்று நன்றாக இருக்கும்.

மலையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ரவாங்குக்கு அப்பால், ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்குப் பின்னால். அது போதும். செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. நானும் குமரப்பனும் இரண்டு வருடம் துளை போட்டு, ஆணி அடித்து, ஏறும் வழி செய்தோம். எஸ்டேட் மேனேஜர் ஒரே நிபந்தனையில் விட்டார். ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினாலும் அன்றோடு கேட்டுக்குப் பூட்டு. நியாயமான மனிதர்.

அன்று கேட்டில் காவல்கார அய்யாவு சிரித்தார்.

"கல்யாணம் கட்டலாம்லா தம்பி. இப்படிப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுத் திரியிறீங்க."

"இதுவே தேவல அங்கிள். இதுல கயிறாவது இருக்கு" என்றான் குமரப்பன்.

புது வழி முப்பது மீட்டர். அவன் ஏறினான், நான் கீழே கயிறு பிடித்தேன். உச்சிச் சங்கிலியில் கயிற்றை மாட்டிவிட்டு, "இறக்குடா, பசிக்குது. பிரிக்பீல்ட்ஸ் போறதுக்குள்ள வாழையிலைச் சோறு முடிஞ்சிரும்" என்றான்.

மேலே போக முப்பது, கீழே வர முப்பது. எங்கள் கயிறு ஐம்பது. இறக்கிக்கொண்டே வந்தேன். கயிற்றின் நுனி என் இடுப்பில் மாட்டியிருந்த பிடிகருவியைத் தாண்டி ஓடிவிட்டது. மீதிப் பத்து மீட்டரை அவன் கயிறில்லாமல் வந்தான்.

உயிர் இருந்தது. பேசவும் செய்தான். "காலு இருக்கிறதே தெரியலடா. அய்யாவு அங்கிள்கிட்ட போன் இருக்கு, ஓடு."

ஐந்து நிமிட நடைதான். ஆனால் போன் செய்தால் ஆம்புலன்ஸ், பிறகு மேனேஜர், பிறகு பூட்டு. அந்த மலை மேல் அவனுக்கு என்னைவிட ஆசை. தெளிவாக இருந்திருந்தால் அவனே வேண்டாம் என்றிருப்பான். அதனால் அவனுக்காக நான் முடிவு செய்தேன்.

அவனை என் முதுகோடு சேர்த்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் பின்பக்க மண்பாதை வழியாக மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். முக்கால் மணி நேரம், பாதை முழுக்கக் குழி. முதலில் கத்தினான். பாதி வழியில் நிறுத்திவிட்டான், ஓட்டச் சுலபமாக இருந்தது. ரோட்டோரம் படுக்கவைத்து, மோட்டாரைப் பள்ளத்தில் சாய்த்து, என் முழங்காலைக் கல்லில் தேய்த்துக்கொண்டேன். பிறகுதான் ஒரு லோரியை நிறுத்தினேன்.

மோட்டார் சறுக்கியது என்றேன். நாங்கள் கேட் வழியாகத் திரும்பவேயில்லை என்று அய்யாவு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லும்வரை எல்லாரும் நம்பினீர்கள். சாவு வீட்டில் அவன் அக்கா கோமதி என் முழங்காலைப் பார்த்து அழுது, எனக்கு மைலோ கலக்கித் தந்தார்.

அசைக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் மலை இன்னும் திறந்திருக்கிறது.

கயிறு எப்படி நுனிவரை ஓடியது என்று கேட்டீர்கள். நுனியில் ஒரு முடிச்சு இருந்தால் ஓடாது. அதைப் போடுவது கீழே நிற்பவன் வேலை. போட்டேன், சார். அவன் விழுந்து கிடந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கயிற்றை இழுத்து இறக்கி, அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் அவன் பக்கத்தில் போனேன்.