மாட்டுக்கொட்டகைக்கு எர்த்

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் நான் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“மாடு தண்ணி குடிக்கலக்கா. அதான் எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டேன்.”

“மாட்டு டாக்டரையில்ல கூப்பிடணும்?”

“அவரு முன்னாடியே வந்து பாத்துட்டு மாட்டுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு. பிளாஸ்டிக் வாளியில வச்சா குடிக்குது, இரும்புத் தொட்டியில வாயே வைக்கல. திமிருன்னு ரெண்டு அடிகூட அடிச்சேன். அப்புறம் ஒருநாள் செருப்பு வாரு அறுந்துபோச்சு. வெறுங்கால்ல நின்னு தொட்டியத் தொட்டேன், சுருக்குன்னுச்சு.”

“ஐயையோ, கரண்டா?”

“கொட்டகைக்கு வீட்டுலேர்ந்து ஒயர் இழுத்து தனி சுவிட்சுப் பெட்டி வச்சோம்ல, அதுல நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முறுக்கி விட்டிருக்காங்க. தண்ணி மோட்டார் ஓடுறப்பல்லாம் குழாய் வழியா தொட்டிக்குக் கரண்டு. இப்ப எலெக்ட்ரீஷியன் ரெண்டையும் பிரிச்சுட்டாரு. வீட்டுப் பெட்டியிலேர்ந்து எர்த்துக்குன்னு தனி ஒயர் இழுத்து, கொட்டகை ஓரமா மண்ணுல கம்பியும் இறக்கியாச்சு.”

“நல்லவேளை, பிள்ளைங்க தொடல.”

“நாங்கல்லாம் செருப்போட திரிஞ்சோம், தெரியல. அது பாவம், வெறுங்கால்லயே நின்னுச்சு.”

“இப்பக் குடிக்குதா?”

“ஒரே மூச்சுல தொட்டி காலி. குடிச்சுட்டு நிமிந்து என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்கக்கா, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”