பிரதிபலிப்பு நீக்கி

மீனைப் படம் எடுப்பது குழந்தையைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம், பெரியபாபு. அழுகிற குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டையாவது காட்டலாம். மீனுக்கு எதைக் காட்டுவது?

உங்கள் போலீஸ் தாணாவில் வாக்குமூலம் எழுதுகிறவர் ஒரே பக்கத்தில் என் பெயரை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார். அதனால் நானே எழுதித் தந்துவிடுகிறேன். தீபங்கர் நியோகி, வயது ஐம்பத்தொன்பது, பெல்கொரியாவில் சொந்த வீடு. அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன். மெதுவாகத்தான் நகர்த்தினேன். அதனால் யாருக்கும் உயிர் போனதாகப் புகார் இல்லை.

எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதியம் கடுகு அரைத்த குழம்பில் மீனை முள்வரை உறிஞ்சிவிட்டு, மாலையில் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மீனின் அழகில் உருகிப்போகிற நாற்பத்திரண்டு கனவான்கள் அதில் உறுப்பினர்கள். ஒவ்வொரு வருடமும் சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள் படப்போட்டி. நான் ஒன்பது வருடம் கலந்துகொண்டேன், ஒன்பது பங்கேற்புச் சான்றிதழ் வாங்கினேன். நல்ல தடித்த காகிதம். லுச்சி சுட்டு எடுக்கும்போது எண்ணெயை உறிஞ்ச என் மனைவி மஞ்சரி அவற்றைத்தான் பாத்திரத்தின் அடியில் விரிப்பாள்.

இந்த வருடம் சங்கச் செயலாளருக்கு நவீனம் பிடித்து ஆட்டியது. 'ஜல்சோபி' என்ற கைபேசிச் செயலி வழியாக மட்டுமே படம் அனுப்ப வேண்டும் என்றார். மீன்தொட்டிப் படங்களுக்கென்றே செய்த செயலி. தண்ணீரின் மங்கலைப் போக்கும், பாசியைத் துடைக்கும், மீனின் சிவப்பைத் தூக்கிக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அதில் 'பிரதிபலிப்பு நீக்கி' என்று ஒன்று உண்டு. தொட்டியின் கண்ணாடியில் படம் எடுப்பவனின் தொப்பையோ பின்னால் நிற்கும் பீரோவோ தெரிந்தால், விரலால் தேய்த்து அழித்துவிடலாம்.

என் கைபேசி உள்ளங்கையளவு, என் கண்ணில் புரை. நான் என்ன செய்ய? கணினிக்குள் ஒரு பொய்க் கைபேசியை உண்டாக்குகிற மென்பொருளை ஏற்றி, அதற்குள் ஜல்சோபியை ஏற்றினேன். செயலி என் மேசைக் கணினியைக் கைபேசி என்றே நம்பியது. சார்ஜ் எப்போதும் நூறு சதவீதம் என்று சந்தோஷப்பட்டது. ஒருமுறை, எடுத்த படத்தைக் கைவிடக் கைபேசியைக் குலுக்குங்கள் என்றது. கணினியைக் குலுக்கவா முடியும்? இருந்தாலும் மவுஸைப் பிடித்து இழுத்தால் விரல்போல வேலை செய்தது, இருபத்து நான்கு அங்குலத் திரையில் மீனின் செதிலை எண்ணலாம். ஒரே குறை, கைபேசி நெட்டையானது, என் திரை குட்டையானது. செயலியின் கடைசி இரண்டு விரற்கடை எப்போதும் திரையின் அடிப்பட்டைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று நான் கவலைப்படவில்லை.

இனி பிரணபேஷ்தா. எனக்கு அண்ணன் மாதிரி, தாதா என்றுதான் கூப்பிடுவேன். பிரணபேஷ் குஹா, எழுபத்து நான்கு வயது, சந்துக்கு எதிர்ப்புறம் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தவர். மகள் தூலிகா புனேயில், என்னைச் சித்தப்பா முறை வைத்துக் காக்கு என்பாள். என் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் இருபத்திரண்டு அடி. மீன் விஷயத்தில் அவருக்குக் கைராசி. நான் வாங்கும் மீன் வெள்ளிக்கிழமைக்குள் மிதக்கும், அவர் வாங்கியது குட்டி போடும். இதற்காக எனக்கு அவர்மேல் பொறாமை என்று சங்கத்தில் சொல்லியிருப்பார்கள். பொறாமைப்படுகிறவன் வாரம் இரண்டு முறை அவர் வீட்டில் தேநீர் குடிப்பானா?

போட்டி நாளன்று காலை அவரேதான் போன் செய்தார்.

"ஏ தீபு, ஓடி வாடா. குஞ்சுங்க ஒட்டிக்கிச்சு."

விவரம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. அவரிடம் ஒரு ஜோடி சிவப்பு டிஸ்கஸ் மீன் இருந்தது. அந்த இனத்தில் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு தோலில் ஊறும் பாலைக் குடிக்கும். சில நாள்தான். அந்தச் சமயம் ஒரு சத்தம், ஒரு அசைவு போதும். மிரண்டுபோன பெற்றோர் உடம்பு கறுத்து, குஞ்சுகளையே விழுங்கிவிடும். வங்காளத்தில் அந்தக் காட்சியை ஒழுங்காகப் படம் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

"நீங்களே எடுத்து அனுப்பலாமே, தாதா?"

"எனக்கெதுக்குடா பரிசு? கை வேற நடுங்குது. இந்தத் தடவையாவது நீ ஜெயி. உன் மூஞ்சிய வருஷா வருஷம் பாக்க சகிக்கல."

இதைச் சொன்ன மனிதரை நான் வெறுத்திருக்க முடியுமா?

மதியம் ஒரு மணிக்குக் கேமராவோடு போனேன். கண்ணாடியில் எதுவும் விழாதிருக்க ஜன்னலில் கறுப்புத் திரை கட்டி அறையை இருட்டாக்கினேன். தொட்டிக்கு எதிரே, எனக்குப் பின்னால், நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன்.

"தாதா, அசையக்கூடாது, பேசக்கூடாது. இருமல் வந்தா முழுங்கிடுங்க."

"செத்தவன் மாதிரி இருக்கேன், போதுமா?" என்றார். இது அவர் சொன்னது, நான் சொன்னதல்ல. குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படம் எடுத்திருப்பேன். பின்னால் நாற்காலி சரிந்தது, கூடவே ஜன்னல் திரை விழுந்து வெயில் உள்ளே பாய்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது எரிச்சல். திரும்பவில்லை. திரும்பினால் மீன் மிரளும்.

"திரைய மாட்டுங்க தாதா," என்று மெல்லச் சொன்னேன்.

தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை. நான் பேசாதீர்கள் என்று சொல்லியிருந்ததால் கட்டுப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினான்கு படம் எடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே தாழ்வாரக் கதவு இருந்தது. அதன் வழியாக விரல்நுனியில் நடந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு குஞ்சுகூட நஷ்டமில்லை.

ஒன்று நாற்பதுக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். அனுப்ப ஐந்து மணிவரை நேரம் இருந்தது. மீன் அற்புதமாக விழுந்திருந்தது, ஆனால் கண்ணாடியில் வெயிலில் பின்புறம் முழுக்கத் தெரிந்தது. நீக்கியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

மஞ்சரி தேநீரோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"யாருங்க அது, தரையில?"

"சோபா உறை."

"உறைக்கு வெரல் இருக்கு பாருங்க. பிரணபேஷ்தா மாதிரில்ல இருக்கு."

"மூணு வருஷமா சொல்றேன், கண்ண காட்டு, கண்ண காட்டுன்னு. கேக்கிறியா? போய் மதியத் தூக்கத்தப் பாரு."

போய்விட்டாள். நல்ல பெண், என் பேச்சை நம்புவாள். அவளை வழக்கில் சேர்க்க வேண்டாம்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் படத்தை அனுப்பினேன். ஆறரை மணிக்கு எதிர்வீட்டு வேலைக்காரப் பெண் அலறினாள். முதலில் ஓடியவன் நான்தான், தலையைத் தாங்கித் தூக்கியதும் நான்தான். பக்கவாதம், உயிர் பிரிந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும், மூன்று மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் பரிசு. பரிசளிப்பு விழாவுக்கு, காரியம் முடித்த கையோடு தூலிகாவும் வந்திருந்தாள். அவள் அப்பாவின் மீன் அல்லவா. சுவரில் பெரிதாக என் படத்தைக் காட்டினார்கள், நாற்பத்தொரு கனவான்களும் கைதட்டினார்கள். பிறகுதான் திரையின் அடிப்பட்டைக்குக் கீழே ஒளிந்திருந்த பொத்தான் என்னவென்று தெரிந்தது. 'படம் உருவான விதத்தையும் பகிர்க' என்று அதில் தானாகவே குறியிட்டிருக்குமாம். கைபேசியில் பார்க்கிற எவனும் அதை எடுத்துவிட்டிருப்பான். என் படத்தோடு, நான் தேய்த்ததையெல்லாம் பதிந்த காணொளியும் போய்ச் சேர்ந்திருந்தது, செயலாளர் பெருமையாக அதையும் ஓடவிட்டார்.

முதலில் மூலப் படம். சிவப்பு மீன், அதன் விலாவில் குஞ்சுகள், மீனுக்கு மேலே கண்ணாடியில், தரையில் கிடக்கும் ஒரு மனிதர். பிறகு நீக்கி வந்து அவரைக் காலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தது.

"அது எங்கப்பா," என்றாள் தூலிகா. என் பக்கம் திரும்பினாள். "தீபு காக்கு, அது எங்கப்பா."

ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அவருக்கு எப்போதும் சமயோசிதம் அதிகம்.

நான் அவரைப் படத்தில் கவனிக்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். பெரிய திரையில் பதினான்கு படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். நான்காவதில் அவர் கை நாற்காலிக் காலைப் பிடித்திருந்தது. ஏழாவதில் என் பக்கம் நீண்டிருந்தது. ஒன்பதாவதில் என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது, வாய் திறந்திருந்தது. பன்னிரண்டாவதில் அப்படியே நின்றுவிட்டது. நகர்கிற கை கண்ணாடியில் மங்கலாகப் பரவும், என்ன தேய்த்தாலும் தடம் தெரியும். அசையாத கைதான் சுத்தமாக அழியும். அதனால் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் படத்தில் அவர் கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. எழுந்து இருபத்திரண்டு அடி நடந்தால் காப்பாற்றலாம் என்பதும், நடந்தால் ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேராது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். கண்களைக் கடைசியில் அழித்தேன். அவை மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தன.

அந்த மனிதரைத் தனியே சாகவிட்டாயே என்று நேற்று கேட்டீர்கள். அது மட்டும் தவறு, பெரியபாபு. ஒன்று நாற்பதிலிருந்து ஐந்து மணிவரை, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். பெற்ற மகள்கூட இருக்கவில்லை.